சார்லியின் அத்தையும் நானும்

போன மாதம் பரண் ஒழித்தபோது பழைய டிரங்குப் பெட்டி ஒன்றிலிருந்து ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் விழுந்தது. மடிசார் மாதிரியும் இல்லாமல் சாதாரணக் கட்டு மாதிரியும் இல்லாமல் ஏதோ ஒரு விதமாகப் புடவை சுற்றிக்கொண்டு, கையில் விசிறியோடு ஒரு அம்மாள் நிற்கிறாள். முகத்தில் பவுடர் அப்பியிருக்கிறது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது எந்தப் பாட்டி?" என்று கேட்டாள். அடுக்களையிலிருந்து என் மனைவி சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும்.

அந்தப் பாட்டி நான்தான். 1971-ஆம் வருஷம், எங்கள் கல்லூரி ஆண்டு விழா. ஆங்கில இலக்கிய மன்றத்தின் சார்பில் 'சார்லீஸ் ஆன்ட்' என்ற நாடகம் போட்டோம். அதில் எனக்குப் பெண் வேடம். பேத்திக்குக் கதை சொல்ல ஆரம்பித்தேன். சொல்லச் சொல்ல அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடிப் போய்ப் பல சங்கதிகள் அகப்பட்டன. அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நம் வயதுக்காரர்களில் சிலராவது இந்த நாடகத்தைப் படித்தோ பார்த்தோ இருப்பீர்கள்.

எழுதியவர் பிராண்டன் தாமஸ். 1848-ல் லிவர்பூலில் பிறந்தவர். குமாஸ்தா உத்தியோகம் பார்த்துக்கொண்டே மேடைக்கு ஆசைப்பட்டு, கடைசியில் நடிகராகவே ஆகிவிட்டவர். அவர் எழுதிய நாடகங்களில் இன்று பெயர் சொல்ல மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான். இது முதன்முதலில் அரங்கேறியது லண்டனில் அல்ல, பரி செயின்ட் எட்மண்ட்ஸ் என்ற சிறிய ஊரில். தேதி 1892 பிப்ரவரி 29. நாலு வருஷத்துக்கு ஒரு முறைதான் பிறந்தநாள் வரும் நாடகம்! அந்த வருஷம் டிசம்பர் 21 அன்று லண்டன் ராயல்டி தியேட்டருக்கு வந்தது. கூட்டம் தாங்காமல் அடுத்த மாதமே பெரிய குளோப் தியேட்டருக்கு மாற்றினார்கள். 1896 வரை விடாமல் ஓடி 1,466 காட்சிகளைத் தொட்டது. அதுவரை லண்டனில் எந்த நாடகமும் அத்தனை காட்சி கண்டதில்லை.

இது ஓடிக்கொண்டிருந்தபோதே, 1895-ல், அதே லண்டனில் ஆஸ்கர் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்' அரங்கேறியது. அதுவும் ஆள்மாறாட்டம்தான், அதிலும் ஒரு பொல்லாத அத்தை உண்டு. வைல்ட் வழக்கில் சிக்கிக் கைதானதால் அது நூறு காட்சிகூடக் காணவில்லை. இன்று பி.ஏ. பாடத்தில் இருப்பது வைல்டின் நாடகம். ஆயிரத்து நானூறு காட்சி ஓடிய அத்தை பாடப் புத்தகத்துக்குள் நுழையவே இல்லை. அது நியாயம்தான் என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது அவ்வளவு நிச்சயமாகச் சொல்ல மாட்டேன்.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு கற்பனைக் கல்லூரி. ஜாக், சார்லி என்று இரண்டு மாணவர்கள், கிட்டி, ஏமி என்று இரண்டு பெண்களைக் காதலிக்கிறார்கள். பெண்களுக்குக் காப்பாளர் ஸ்பெட்டிக்யூ என்ற பேராசைக்காரக் கிழவர். மறுநாள் அவர்களை ஸ்காட்லாந்துக்கு அழைத்துப் போகப்போகிறார். இன்றே காதலைச் சொல்லியாக வேண்டும். நல்ல வேளையாக, சார்லி இதுவரை கண்ணால் பார்த்திராத, பிரேசிலில் வாழ்ந்த பணக்கார விதவை அத்தை டோனா லூசியா அன்று மதியம் வருகிறாள். அத்தையைப் பார்க்க என்ற சாக்கில் பெண்களை ஜாக்கின் அறைக்குச் சாப்பிட அழைத்துவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, 'இன்று வரவில்லை' என்று அத்தையிடமிருந்து தந்தி வருகிறது. பெண்களோ வாசலுக்கு வந்தாயிற்று. பாபர்லி பிரபு என்ற சக மாணவன், பொழுதுபோக்கு நாடகம் ஒன்றில் கிழவி வேஷம் போடுவதற்காக வைத்திருந்த உடுப்போடு அங்கே இருக்கிறான். அவனையே அத்தையாக்கிவிடுகிறார்கள். அப்புறம் என்ன? அத்தையின் பணத்துக்காகக் கிழவர் ஸ்பெட்டிக்யூ அவன் பின்னால் ஓடுகிறார். கடனில் இருக்கும் ஜாக்கின் அப்பாவும் கல்யாணம் கேட்கிறார். இந்த அமளிக்கு நடுவே நிஜ அத்தை வந்து நிற்கிறாள்.

இந்த இடத்தில் பேத்தி கேட்டாள்: "ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் லஞ்சுக்கு வர்றதுக்கு எதுக்கு தாத்தா ஒரு ஆன்ட்டி?"

நியாயமான கேள்வி. அந்த ஒரு கேள்வியில்தான் நாடகமே நிற்கிறது. அந்தக் காலத்தில் மரியாதைப்பட்ட குடும்பத்துப் பெண், ஒரு மாணவனின் அறைக்குத் தனியாகப் போகக் கூடாது. இரண்டு பெண்களாகச் சேர்ந்துகூடப் போகக் கூடாது. கல்யாணமான மூத்த பெண்மணி ஒருத்தி துணைக்கு இருக்க வேண்டும். அதற்கு ஷாப்பரோன் என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்டில் பெண்களுக்கென்று லேடி மார்கரெட் ஹால், சோமர்வில் என்ற இரண்டு விடுதிகள் திறந்ததே 1879-ல்தான். அங்கே படித்த பெண்கள் வகுப்புக்குப் போனாலும் ஷாப்பரோன் கூட வந்து உட்கார வேண்டும். பரீட்சை எழுதலாம், பட்டம் கிடையாது. பட்டம் கொடுத்தது 1920-ல். இரவில் மாணவர்கள் எங்கே திரிகிறார்கள் என்று பார்க்கப் பிராக்டர் என்ற அதிகாரிகள் ஆள்படையோடு ரோந்து வேறு. ஆகவே ஜாக்குக்கும் சார்லிக்கும் வேண்டியது அத்தையின் பணம்கூட இல்லை, அத்தை என்ற ஒரு உருவம். நாற்காலியில் ஒரு கிழவி உட்கார்ந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் முறைப்படி நடந்துவிடும். அந்த உருவத்தைப் புடவை சுற்றி – மன்னிக்கவும், கவுன் மாட்டி – உண்டாக்கிவிடலாம் என்பதுதான் தாமஸ் கண்டுபிடித்த வேடிக்கை. விதி யாருக்காகப் போட்டதோ, அந்தப் பெண்களையே ஒரு ஆண்பிள்ளையின் மடியில் சாய்ந்து ரகசியம் பேச வைத்துவிட்டது.

நம் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டாம். நான் படித்த காலத்தில், பெண்களும் படித்த கல்லூரிகளில் கூடப் பெண்களுக்கு முன் வரிசை பெஞ்சு, வகுப்பு முடிந்ததும் அவர்களுக்கென்று ஒதுக்கிய அறை. ஒரு நோட்டுப் புத்தகம் கடன் கேட்க வேண்டுமானால் அவள் தம்பியைப் பிடிக்க வேண்டும். கல்லூரிக் காதல் கதைகளில் ஆள்மாறாட்டம் திரும்பத் திரும்ப வருவது எழுதுகிறவர்களுக்குக் கற்பனை வறட்சி என்பதால் மட்டும் அல்ல. நேராகப் போய்ப் பேச வழியில்லாத இடத்தில் வேறு ஆளாகத்தானே போயாக வேண்டும்? பேத்தி இதையெல்லாம் ஏதோ சோழர் காலத்துச் சமாசாரம் போலக் கேட்டுக்கொண்டாள்.

ஆக்ஸ்ஃபோர்டு விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. 1880-களில் அங்கே மாணவர் நாடகச் சங்கத்துக்கு அனுமதி கொடுத்தபோது துணைவேந்தராக இருந்தவர் பெஞ்சமின் ஜோவெட். கிரேக்கப் பண்டிதர், கண்டிப்பானவர். அவர் போட்ட நிபந்தனைகளில் ஒன்று, பெண் வேடங்களைப் பெண்களேதான் போட வேண்டும் என்பது. அதாவது மாணவன் பாவாடை கட்டக் கூடாது. பக்கத்துக் கேம்பிரிட்ஜில் மாணவர்கள்தான் பெண் வேடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாபர்லி பிரபு கேம்பிரிட்ஜில் படித்திருந்தால் பாவாடையில் அத்தனை குறும்பு இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

பாபர்லியாக நடித்தவர் டபிள்யூ. எஸ். பென்லி. அவருக்காகவே தாமஸ் இதை எழுதினார். நாற்பதை எட்டிய மனிதர், இருபது வயது மாணவனாகவும் அறுபது வயது அத்தையாகவும் மாறி மாறி மேடையில் நின்றார். லண்டன் அவரைத்தான் பார்க்கப் போனது. ஜாக்கின் அப்பாவாக லண்டனில் முதலில் நடித்தது தாமஸேதான். இருவரும் நண்பர்கள். பணம் கொட்ட ஆரம்பித்ததும் நட்பு கசந்தது. நியூயார்க்கில் போடப் பேச்சு நடந்தபோது, மூலக் கற்பனை என்னுடையது, தாமஸுடையது அல்ல என்று பென்லி அமெரிக்கத் தயாரிப்பாளர் சார்லஸ் ஃப்ரோமனிடம் சொல்லி, ராயல்டியில் பெரும்பங்கைக் கேட்டார். தாமஸுக்குத் தெரியாமல் நடந்த பேச்சு. ஆள்மாறாட்ட நாடகத்துக்கு அப்பன் யார் என்பதிலேயே ஆள்மாறாட்டம்! சண்டை வந்த பிறகும் பென்லி லண்டனில் அத்தை வேஷத்தைக் கழற்றவில்லை. எப்படிக் கழற்றுவார்? இருவருக்கும் அதுதான் சோறு. நம்மூர் நாடகக் கம்பெனிகளில் வாத்தியாருக்கும் ராஜபார்ட்டுக்கும் நடந்த சண்டைகளைக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

அதன் பிறகு அத்தை போகாத ஊர் இல்லை. நியூயார்க்கில் 1893-ல் தொடங்கி அங்கேயும் வருஷக்கணக்கில் ஓடினாள். 1925-ல் மௌனப் படமாக வந்தபோது அத்தையாக நடித்தது சார்லி சாப்ளினின் அண்ணன் சிட்னி சாப்ளின். 1941-ல் ஜாக் பென்னி. 1948-ல் 'வேர் ஈஸ் சார்லி?' என்று பாட்டு நாடகம். நம் நாட்டில் மராட்டிக்காரர்கள் முந்திக்கொண்டார்கள். ஆச்சார்ய அத்ரே இதைத் தழுவி 'மோரூச்சி மாவ்ஷி' எழுதினார். முதன்முதலில் ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிய 'ஷ்யாம்ச்சி ஆயி' படத்தை எடுத்தாரே, அதே அத்ரேதான்.

இங்கே ஒரு சின்ன உறவு முறைப் பிரச்சினை. ஆங்கிலத்தில் ஆன்ட் என்றால் முடிந்தது. அப்பாவின் தங்கையா, அம்மாவின் அக்காவா, மாமா பெண்டாட்டியா என்ற கவலை கிடையாது. மொழிபெயர்க்கிறவன் தீர்மானித்தாக வேண்டும். அத்ரே மாவ்ஷி என்றார், அதாவது அம்மாவின் உடன்பிறந்தவள், நமக்குச் சித்தியோ பெரியம்மாவோ. செல்லம் கொடுக்கிற உறவு. தமிழில் நாம் யோசிக்காமல் அத்தை என்றுதான் சொல்லிவிட்டோம். ஆனால் அத்தை என்றதும் நம் ஆட்களுக்கு, 'அத்தைக்குப் பெண் இருக்கிறதா?' என்று புத்தி வேறு பக்கம் போய்விடுமே!

1980-களில் நான் பம்பாயில் வேலையாக இருந்தபோது, ஆபீஸ் நண்பர் ஒருவர் தாதர் சிவாஜி மந்திருக்கு அழைத்துப் போய் இந்த மாவ்ஷியைக் காட்டினார். விஜய் சவான் நடித்தார். எனக்குத் தெரிந்த மராட்டி, காய்கறிக்காரியிடம் பேரம் பேசும் அளவுக்குத்தான். ஆனாலும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கனத்த உடம்புக்குப் புடவை கட்டிக்கொண்டு அவர் ஆடிய ஆட்டத்தில், பெண்ணைப் போல் தெரிய வேண்டும் என்ற அக்கறையே இல்லை. அதுதான் விஷயம். நம் பாய்ஸ் கம்பெனி மரபு நேர் எதிர். அங்கே ஸ்திரீபார்ட் போட்ட பையன் ஆண் என்பது மறந்துபோக வேண்டும். டி. கே. சண்முகம் ஔவையாராக வந்தபோது சபையே கிழவியைத்தான் பார்த்தது. அந்த வேஷமே அவர் பெயருக்கு முன்னால் நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. சார்லியின் அத்தையிலோ, கவுனுக்குள் இருப்பவன் ஆண் என்பதை ஒரு நிமிஷமும் மறக்க விடக் கூடாது. மறந்தால் நாடகம் போச்சு.

இந்தப் பாடத்தை நான் 1971-லேயே மேடையில் கற்றுக்கொண்டேன். எங்களுடையது ஆண்கள் மட்டும் படித்த கல்லூரி. கிட்டி, ஏமி, நிஜ அத்தை, போலி அத்தை, எல்லாருமே மீசை மழித்த பையன்கள். கவுனுக்கு எங்கே போவது? எல்லாருக்கும் புடவை, ஆங்கில ஸாரின் தமக்கை கொடுத்து உதவியவை. ஒத்திகை பார்க்கும்வரை யாருக்கும் இது தோன்றவில்லை. மேடையில் நாலு பெண்கள் நின்றார்கள், நாலு பேரும் ஆம்பிளைகள். இதில் எவன் வேஷம் போட்ட பெண், எவன் 'உண்மையான' பெண் என்று எப்படித் தெரியும்? ஸார் யோசித்து, போலி அத்தையின் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி உள்ளே பேண்ட் தெரியும்படி வைத்தார். வாயில் ஒரு சுருட்டையும் கொடுத்தார். அவன் உள்ளே வந்ததும் கொட்டகை அதிர்ந்தது.

நான் நிஜ அத்தை டோனா லூசியா. நான் நுழைந்தபோது பின் வரிசையிலிருந்து ஒரு குரல்: "டேய், இன்னொருத்தனும் வேஷம் போட்டுட்டு வந்துட்டான்டா!" கதைப்படி, தன் பெயரில் வேறொருத்தி இருப்பதைப் பார்த்த நிஜ அத்தை, குட்டை உடைக்காமல் தன்னை ஏழை விதவை மிஸஸ் பெவர்லி ஸ்மித் என்று சொல்லிக்கொள்கிறாள். பெண்ணாக நடிக்கும் பையன் ஒருவன், பெண்ணாக நடிக்கும் பையனாக நடிக்கும் இன்னொருவனைப் பார்த்து, 'நான் அவள் இல்லை' என்று ஆங்கிலத்தில் சொன்னால் பின் வரிசைக்கு என்ன புரியும்? கடைசிவரை என்னையும் போலி என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் பலர். மறுநாள் ஹாஸ்டலில் ஒருவன், "நீயும் கொஞ்சம் சுருட்டு பிடிச்சிருக்கலாம்" என்றான்.

ஓய்வு பெற்ற பிறகு திருவல்லிக்கேணி நடைபாதைக் கடையில் நாடகத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதை இந்தப் போட்டோ சாக்கில் மறுபடி எடுத்துப் படித்தேன். இளசுகளின் கும்மாளம் எனக்கு இப்போது பெரிதாகச் சிரிப்பு மூட்டவில்லை. படிக்கிற நாடகம் அல்ல இது, பார்க்கிற நாடகம். ஆனால் இரண்டாம் அங்கத்துத் தோட்டக் காட்சியில் நின்றுவிட்டேன்.

ஜாக்கின் அப்பா கர்னல் சர் ஃபிரான்சிஸ் செஸ்னி, இந்தியாவில் படை உத்தியோகம் பார்த்துத் திரும்பியவர். சுமார் இருபது வருஷத்துக்கு முன் லூசியாவைச் சந்தித்திருக்கிறார். மனசில் இருந்ததைச் சொல்லக் கூச்சம். சொல்வதற்குள் படைப்பிரிவு கிளம்ப உத்தரவு வந்துவிட்டது, கப்பலேறிவிட்டார். அவளும் எங்கோ போய், பிரேசில் பணக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு விதவையானாள். இத்தனை வருஷம் கழித்து மகனின் கல்லூரித் தோட்டத்தில் எதிரெதிரே நிற்கிறார்கள். பணக்கார டோனா லூசியா இவள்தான் என்று அவருக்குத் தெரியாது. சற்று முன்புதான் பணத்துக்காகப் போலி அத்தையிடம் கல்யாணம் கேட்டு, மறுக்கப்பட்டு, 'அப்பாடா' என்று வந்திருக்கிறார். இவளை ஏழை என்றே நம்புகிறார். நம்பிக்கொண்டுதான் கேட்கிறார். நாடகம் முழுக்கப் பெயர் மாற்றிப் பேசுகிற கூட்டத்தில், அவளுடைய பெயர் தப்பு, நிலைமை தப்பு, எல்லாம் தப்பாகத் தெரிந்துகொண்டு ஆளை மட்டும் சரியாகத் தெரிந்துவைத்திருப்பவர் அவர் ஒருவர்தான்.

கடைசியில் போலி அத்தையை மணக்கும் ஆசையில் ஸ்பெட்டிக்யூ, பெண்களின் கல்யாணத்துக்குச் சம்மதக் கடிதம் எழுதிக் கொடுக்கிறார். உறையின் மேல் டோனா லூசியா என்ற பெயர். அதனால் அது நிஜ லூசியாவுக்குச் சொந்தமாகி, செல்லுபடியும் ஆகிவிடுகிறது. பாபர்லிக்கும் ஒரு பெண் கிடைக்கிறாள். மூன்று இளம் ஜோடிகள், ஒரு முதிய ஜோடி. திரை.

எங்கள் மேடையில் அந்தத் தோட்டக் காட்சி வரவில்லை. ஒத்திகையில் இரண்டு நாள் நடித்தோம். கர்னலாக நடித்தவன் என்னைவிட ஒரு வருஷம் சீனியர், பின்னாளில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றான். மூன்றாம் நாள் ஸார் சிவப்புப் பென்சிலால் அந்தப் பக்கங்களில் குறுக்குக் கோடு போட்டுவிட்டார். வசனம் குறைந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் கேட்டேன், "ஏன் ஸார், நேரம் போதாதா?" என்று.

ஸாருக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். கல்யாணம் ஆகாதவர், தமக்கையோடு இருந்தார். கடைசிவரை அப்படியே இருந்தார். பிரதியை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நேரம் இருக்கு. பசங்க சிரிச்சுடுவாங்கப்பா" என்றார்.

சிரித்துத்தான் இருப்போம்.